யார் சொல்லித் தெரியும்?

1950-இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்த அப்துல் கலாம், இண்டர்மீடியட்டும் பி.எஸ்ஸி. இயற்பியலுமாக நான்கு வருடம் அங்கே படித்தார். பட்டம் வாங்கிய பிறகுதான், தாம் போக வேண்டிய வழி பொறியியல் என்று அவருக்குப் புரிந்தது. வேறு என்ன படிக்கலாம், அறிவியல் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்பதெல்லாம் பி.எஸ்ஸி. சேரும்போது தமக்குத் தெரியாது என்று 'அக்னிச் சிறகுக'ளில் அவரே எழுதியிருக்கிறார். சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. சகோதரி ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த வீட்டில் அன்புக்கும் ஆதரவுக்கும் பஞ்சமே இல்லை. விவரம்தான் எட்டவில்லை.

அந்தக் குறையை நான் திருச்சியில் வாத்தியாராக இருந்த காலம் முழுக்கப் பார்த்தேன். பொன்மலைப் பையனைக் கேட்டால் ரயில்வே ஒர்க்‌ஷாப் அப்ரண்டிஸ் என்பான்; அப்பா அங்கே ஃபிட்டர். பி.எச்.இ.எல். குவார்ட்டர்ஸ் பையன் இன்ஜினியர் என்பான். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு பற்றித் தெரியும், அத்தை பையன் எழுதியிருப்பான். துவாக்குடியில் கொத்தனார் வீட்டுப் பெண் ஒருத்தி, கணக்கில் எப்போதும் முதல். “என்னம்மா படிக்கப் போறே?” என்றேன். “நர்ஸு, இல்லேன்னா டீச்சர் சார்” என்றாள். இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் என்.ஐ.டி. வாசலைத் தாண்டித்தான் அவள் தினமும் பஸ்ஸில் வந்தாள். அந்தக் கேட்டுக்குள் தனக்கும் இடம் உண்டு என்று அவளிடம் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆசை குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

2024-இல் பச்சைமலைப் பழங்குடி மாணவி ஒருத்தி ஜே.இ.இ. எழுதி அதே என்.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தாள். பெற்றோர் கூலித் தொழிலாளிகள். படித்தது அரசுப் பழங்குடியினர் பள்ளி. கட்டணத்தை அரசே ஏற்றது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இலும் பொறியியலில் 2021-இலும் வந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. இவையெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு காதில் விழுந்து பயனில்லை. படித்து வேலைக்குப் போனவர்கள், உங்கள் தெருவில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் ஒரு பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உட்கார வையுங்கள். என்ன படித்தீர்கள், எந்தப் பரீட்சை எழுதினீர்கள், எவ்வளவு செலவானது, வேலையில் தினமும் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அம்மா அப்பாவும் கூட இருக்கட்டும்.