முதலிடத்தில் இருவர்

பள்ளிப் பிள்ளைகளுக்கான கணிதப் போட்டிகளுக்கும் பொது அறிவுப் போட்டிகளுக்கும் வினாத்தாள் எழுதுவதையும், விடைத்தாள்களைத் திருத்துவதையும், சமயங்களில் மேடையேறி நடுவராக அமர்வதையும் ஆசிரியத் தொழிலோடு ஒட்டிய ஒரு கடமையாக நெடுங்காலம் செய்து வந்திருக்கிறவன் என்ற முறையில், இரண்டு குழந்தைகள் ஒரே மதிப்பெண்ணோடு முதலிடத்தில் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி எனக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. இருவரையுமே முதல்வராக அறிவிக்க வேண்டும் என்பதுதான் அது. குழந்தைகளின் மனம் நோகக் கூடாதென்பதற்காகப் பெரியவர்கள் செய்யும் தாட்சண்யமாகவே இதைப் பலர் எண்ணுகிறார்கள். தாட்சண்யம் நல்ல குணம்தான்; எனினும் என் கட்சிக்கு அதன் துணை தேவைப்படவில்லை. தன் கையிலுள்ள அளவுகோல் எவ்வளவு நுட்பமாக அளக்கும் என்பதை அறிந்த ஒருவன், அது அளந்து சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்லக் கூடாதென்ற தொழில் தர்மமே இதற்கு ஆதாரம்.

முப்பது வினாக்கள் கொண்ட ஒரு கணிதத் தாளை எடுத்துக்கொள்வோம். முதல் பத்தும், எந்தக் குழந்தையும் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாதென்று வைக்கப்படுபவை. அடுத்த பதினைந்தும், பயிற்சி உள்ளவரையும் இல்லாதவரையும் இனம் பிரிப்பதற்காக அமைக்கப்படுபவை. கடைசி ஐந்து மட்டுமே, முன்வரிசையில் நிற்கப்போகும் நாலைந்து பேரை ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுத்திக் காட்டுவதற்காக வெகுவாக யோசித்து எழுதப்படுபவை. ஆகவே, இருநூறு பிள்ளைகள் அமர்ந்து எழுதும் அத்தாளில், ஐம்பதாம் இடத்தையும் நூற்றைம்பதாம் இடத்தையும் பிரிக்கிற ஆதாரம் பல வினாக்களில் பரவிக் கிடக்க, முதலிடத்தையும் இரண்டாம் இடத்தையும் பிரிக்கிற ஆதாரமோ பெரும்பாலும் ஒரே ஒரு வினாவைப் பற்றிக்கொண்டு நிற்கும். அந்த வினா எண்களின் வகுபடும் தன்மையைப் பற்றியதாக அமைந்தால் ஒரு பெண்ணுக்கும், வட்ட நாற்கரத்தைப் பற்றியதாக அமைந்தால் வேறொரு பையனுக்கும் அனுகூலமாகிவிடுகிறது. தாளை அச்சுக்கு அனுப்புமுன், இரண்டில் எதை வைப்பது, எதை விடுவது என்று வினாத்தாள்காரன் தயங்குகிற சில நிமிஷங்களே, கோப்பை எந்த வீட்டுக்குப் போகும் என்பதைத் தீர்மானித்துவிடக் கூடும். சபையோர் எந்த இடத்தை மிகவும் கூர்மையானதென்று நம்பி ஆவலோடு காத்திருக்கிறார்களோ, அந்த இடத்தில்தான் எங்கள் அளவுகோல் மிகவும் மழுங்கலாக இருக்கிறது. விறகுக் கடைத் தராசில் இரண்டு மோதிரங்களை வைத்து, முள் அசையவில்லையென்றால், இரண்டும் ஒரே எடை என்று சொல்லலாம். அல்லது, இந்தத் தராசுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லலாம். எப்படியாவது ஒன்று கனமானதென்று சொல்லியாக வேண்டும் என்பதற்காகத் தட்டை விரலால் அழுத்துவதற்கு மட்டும் எவனுக்கும் உரிமை கிடையாது.

பேச்சுப் போட்டியிலும் கட்டுரைப் போட்டியிலும் இந்த மழுங்கல் இன்னும் அதிகம். ஒரே குழந்தையின் பேச்சுக்கு மூன்று நடுவர்கள் இடுகிற மதிப்பெண்களுக்குள்ளேயே ஐந்தாறு எண் வேற்றுமை இருக்கும். அம்மூன்றையும் கூட்டிப் பார்த்து, ஒரே ஒரு மதிப்பெண்ணால் ஒருவரை முதல்வரென்றும் மற்றவரை இரண்டாமவரென்றும் உரத்த குரலில் அறிவிக்கிறோம். அந்த ஒரு மதிப்பெண்ணையே நான் பெரிதாக நம்புவதில்லை என்னும்போது, அதுவும் இல்லாமல் இருவரும் சமமாக வந்தபின் அவர்களைப் பிரிப்பதற்குக் காட்டப்படும் அவசரம் எனக்கு விளங்குவதேயில்லை.

இங்கே ஒரு பாகுபாட்டைச் சொல்லியாக வேண்டும். முப்பதுக்கு இருபத்தாறு பெற்று இருவர் சமமாவது ஒரு வகை. முப்பதுக்கு முப்பதும் பெற்றுச் சமமாவது வேறு வகை. முதலாவதில், இருவரும் எங்கெங்கோ தவறியும் எங்கெங்கோ சிறந்தும் ஒரே உயரத்தை அடைந்திருக்கிறார்கள். இரண்டாவதில், அவர்களுடைய உயரம் இன்னதென்றே தெரியாமல் எங்கள் கோல் முடிந்துபோயிற்று. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2014-இல் 19 பேரும், அதற்கு அடுத்த ஆண்டில் 41 பேரும் 500-க்கு 499 பெற்று மாநில முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது நினைவிருக்கும். முதலிடம் மலிந்துவிட்டதென்று அப்போது அங்கலாய்த்தவர்கள், பழியைப் பிள்ளைகளின் மேலோ சமநிலையின் மேலோ போட்டார்கள். அந்தத் தேர்வு, தேர்ச்சியைச் சோதிப்பதற்காக ஏற்பட்டதே ஒழிய, லட்சக்கணக்கானோரில் ஒருவரைப் பொறுக்கி எடுப்பதற்காக ஏற்பட்டதல்ல. அந்த வேலையை அதனிடம் ஒப்படைத்ததே பிசகு. 2017 முதல் மாநில அளவில் முதல் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டதை நான் மனப்பூர்வமாக வரவேற்றேன்.

முழு மதிப்பெண்ணில் வரும் சமநிலைக்குத் தலைசிறந்த திருஷ்டாந்தம் அமெரிக்காவில் இருக்கிறது. 1925 முதல் நடந்துவரும் அந்நாட்டுத் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில், ஒரு சொல்லை உரக்க உச்சரித்துக் கேட்பார்கள். மேடையில் நிற்கும் குழந்தை அதை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். தவறினால் வெளியேற வேண்டும். 1962-க்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் அங்கே இணை முதல்வர் என்ற பேச்சே எழவில்லை. பிறகு 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இருவர் இருவராக வென்றார்கள். நிர்வாகிகள் கவலையுற்று, சமநிலையைத் தவிர்ப்பதற்கென்றே ஓர் எழுத்துத் தேர்வை 2017-இல் ஏற்படுத்தினார்கள். அது தேவைப்படாமலே இரண்டு ஆண்டுகள் கழிந்தமையால் அதைக் கைவிட்டார்கள். கைவிட்ட அந்த 2019-ஆம் ஆண்டிலேதான், பதினேழு சுற்றுகள் முடிந்தும் எட்டுக் குழந்தைகள் மேடையைவிட்டு இறங்க மறுத்து நின்றார்கள். அவர்களைத் தடுக்கக்கூடிய கடினமான சொற்கள் தம்மிடம் இன்னும் மூன்று சுற்றுகளுக்கே மிச்சம் இருக்கின்றன என்றும், இருபதாம் சுற்றின் முடிவில் நிற்கிறவர் அனைவரும் முதல்வரே என்றும், சொற்களை உச்சரிக்கும் பொறுப்பில் இருந்த ஜாக் பெய்லி சபையில் அறிவித்தார். அவரே 1980-இல் அப்போட்டியை வென்றவர். எட்டுப் பேரும் தவறாமல் கரையேறினார்கள். ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர் முழுப் பரிசாகவே கொடுக்கப்பட்டது.

வினாத்தாள் எழுதுகிறவர்களுள் அந்த அறிவிப்பைப் படித்து நெகிழாதவர் இருக்க முடியாதென்று நினைக்கிறேன். எங்கள் சரக்கு தீர்ந்துவிட்டது, உங்கள் சக்தி தீரவில்லை என்று குழந்தைகளின் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்ட நேர்மை அதில் இருக்கிறது. சொற்பட்டியலை இன்னும் ஆழமாகத் தயாரித்திருக்க வேண்டும் என்பது மெய்யே. ஆனால் அது அடுத்த ஆண்டு செய்ய வேண்டிய வேலை. பட்டியல் போதாமல் போனதற்குரிய தண்டனையை அன்று இரவு மேடையில் நின்ற பிள்ளைகள் அனுபவிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

அதன்பின் அவர்கள் கொண்டுவந்த மாற்று ஏற்பாட்டை என்னால் அவ்விதம் புகழ முடியவில்லை. சமநிலை ஏற்பட்டால், 90 விநாடிகளுக்குள் யார் அதிகமான சொற்களைச் சரியாகச் சொல்கிறாரோ அவரே வென்றவர் என்று ஒரு விதியை வகுத்தார்கள். 2022-இல் அது முதன்முறையாகப் பயன்பட்டது. 2024-இல் ஒருவர் 29 சொற்களும் மற்றவர் 20 சொற்களும் சொல்லி முடிக்க, முன்னவர் முதல்வரானார். பார்க்கிறவர்களுக்கு அது விறுவிறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆயினும், அதற்கு முந்தைய சுற்றுகளிலெல்லாம் சொல்லின் மூலமொழி யாது, பொருள் யாது என்று கேட்டு, நின்று, நிதானித்து, வேரிலிருந்து எழுத்துக்களை வருவித்த ஒரு குழந்தையைக் கடைசி நிமிஷத்தில் நாவின் வேகத்தைக் கொண்டு அளப்பது, பரீட்சையின் நடுவே பாடத்தையே மாற்றிவிடுவதாகும். நிதானம் அதுவரை ஒரு குணமாக இருந்து அந்த 90 விநாடிகளில் மட்டும் குற்றமாகிவிடுகிறது.

நம்மூரில் கையாளப்படும் முறைகள் இவ்வளவு படாடோபம் இல்லாதவை. ஆனால் நியாயத்தில் இதைவிட மேலானவை என்று சொல்ல மாட்டேன். சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கையெழுத்து அழகைப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் அதிகமாக, இருவரில் கீழ்வகுப்பில் படிக்கிற குழந்தைக்கே முதலிடம் என்பார்கள். இளம்பிராயத்தில் இவ்வளவு சாமர்த்தியமா என்ற வியப்பே அதற்குக் காரணம். இதற்கு நேர்மாறாக, பொறியியல் கல்லூரிச் சேர்க்கையின் தரவரிசையில் இருவர் சமமாக வந்தால், கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், அவற்றிலும் பிரியாவிட்டால் வயதில் மூத்தவரை முன்வைத்து, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கணினி அளித்த ரேண்டம் எண்ணைக் கொண்டு தீர்க்கிறார்கள். ஓரிடத்தில் இளையவர் முந்துகிறார், மற்றோரிடத்தில் மூத்தவர் முந்துகிறார். இதிலிருந்தே, இருவருடைய புலமைக்கும் இந்த விதிகளுக்கும் சம்பந்தமில்லை என்பது வெளிப்படை.

ஆனால் கல்லூரிச் சேர்க்கையை நான் குறைகூறவில்லை. ஓர் இடத்தில் இருவர் உட்கார முடியாது. எப்படியாவது ஒருவரைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அங்கே இருக்கிறது. ரேண்டம் எண்ணும் தன்னைத் தகுதியென்று சொல்லிக்கொள்வதில்லை. குழந்தைகளின் போட்டியில் அந்த நிர்ப்பந்தம் ஏதும் இல்லை. முதலிடம் என்பது ஒரு பாராட்டு. இருவருக்குச் சொன்னால் அது பாதியாகிவிடுவதில்லை. கட்டாயம் உள்ள இடத்துக்கு ஏற்பட்ட முறையை, கட்டாயமே இல்லாத இடத்துக்கு நாமாக இழுத்து வந்து, பிறகு அதன் முடிவுக்குத் தகுதி என்று பெயரிட்டு ஒரு குழந்தையின் கையில் கொடுக்கிறோம்.

தரவரிசையின் மேல் உலகத்திலேயே அதிகமான மோகம் கொண்டிருந்த ஒரு ஸ்தாபனத்தின் சரித்திரம் இங்கே நினைவுக்கு வருகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரைபாஸ் என்னும் கணிதத் தேர்வில் முதலாவதாக வந்தவருக்குச் சீனியர் ராங்லர் என்று பட்டம். 1845-இல் பிற்காலத்து லார்டு கெல்வின் இரண்டாமிடமே பெற்றார். அதை அடுத்து நடந்த ஸ்மித் பரிசுத் தேர்விலோ, டிரைபாஸில் தம்மை முந்தியவரைப் பின்னுக்குத் தள்ளி முதல்வரானார். 1854-இல் ரௌத் என்பவருக்கு அடுத்தவராக வந்தார் மேக்ஸ்வெல். ஸ்மித் பரிசுக்கான தேர்விலே அவ்விருவரும் சமமென்று தீர்ப்பாயிற்று. அதே மனிதர்கள், அதே கணிதம், சிறிது கால இடைவெளி. ஒருமுறை வரிசை தலைகீழாகிறது, மறுமுறை வரிசையே மறைந்துபோகிறது. அத்தனை வரிசைப் பித்து கொண்டிருந்த அந்த இடத்திலும், சமமாக வந்தவர்களைப் பிரிக்க உபாயம் தேடாமல் ஒரே இடத்தில் வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1905-இல் லிட்டில்வுட்டும் மெர்ஸரும் சேர்ந்தே சீனியர் ராங்லர்கள். நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட ஹார்டி, அந்தத் தேர்வு முறையையே கடுமையாக எதிர்த்தவர். தரவரிசைப்படி பெயர்களை வெளியிடும் வழக்கம் 1909-உடன் நின்றது.

சர்வதேசக் கணித ஒலிம்பியாடு இன்னும் தெளிவான பாதையைக் காட்டுகிறது. ஆறு கணக்குகள், கணக்குக்கு ஏழு மதிப்பெண், மொத்தம் 42. தங்கப் பதக்கம் ஒருவருக்கு மட்டும் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. பங்கேற்றவரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, தங்கம், வெள்ளி, வெண்கலம் என்பவை ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. 1994-இல் அமெரிக்க அணியின் ஆறு மாணவரும் 42-க்கு 42 பெற்றார்கள். அந்த அறுவருக்குள் முதல்வர் யார் என்ற கேள்வியைக் கணிதம் அறிந்த எவரும் எழுப்பவில்லை. நம் தமிழ் வளர்ச்சித் துறையின் திருக்குறள் முற்றோதல் பரிசும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1330 குறளையும் மனத்தில் நிறுத்திச் சொல்வதே அங்கே இலக்கு. ஒரு குழந்தை அந்த இலக்கை எட்டியதால் இன்னொரு குழந்தை எட்டியதன் பெருமை குறைவதில்லை.

எதிர்க்கட்சியில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் குழந்தைகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். “இன்னொரு கேள்வி கேளுங்கள் ஐயா, ஜெயிக்கிறோமா தோற்கிறோமா பார்த்துவிடுகிறோம்” என்று இருவரும் ஒருமுகமாகக் கேட்கும்போது, அந்த வீரத்தை மதியாமல், நீங்கள் இருவரும் சமம், போய் உட்காருங்கள் என்று சொல்வது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகிவிடும். ஆகையால் வாய்மொழிப் போட்டிகளில் கூடுதல் சுற்று ஒன்றை நான் ஏற்கிறேன். அதற்கு நிபந்தனைகள் உண்டு. அந்தச் சுற்றின் வினாக்கள் போட்டிக்கு முன்பே எழுதி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். முன்சுற்றுகளில் எந்தத் திறமை சோதிக்கப்பட்டதோ அதையே சோதிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே வினாக்களைக் கொடுத்து, பஸ்ஸர் இல்லாமல் எழுத்தில் விடை வாங்க வேண்டும். அதிலும் சமமாக வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். யாராவது ஒருவர் களைத்துத் தடுமாறும் வரையில் வினாவுக்கு மேல் வினாவாகத் தொடுத்துக்கொண்டே போவது களைப்பைச் சோதிப்பதாகுமே அன்றிப் புலமையைச் சோதிப்பதாகாது. பத்து வயதுக் குழந்தை மாலை ஆறு மணிக்குத் தவறவிடுகிற விடை, காலை பத்து மணிக்கு அதற்குத் தெரிந்த விடையாகவே இருக்கக் கூடும்.

மற்றவையெல்லாம் நடைமுறைக் காரியங்கள். “கோப்பை ஒன்றுதானே வாங்கியிருக்கிறோம் சார்?” என்று விழாக் குழுவினர் கேட்பதுண்டு. சுழற்கோப்பையாக இருந்தால் ஆறு மாதம் ஒரு பள்ளியிலும் ஆறு மாதம் மற்றொரு பள்ளியிலும் இருக்கட்டும். நிரந்தரக் கோப்பையாக இருந்தால் இன்னொன்று வாங்குவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. பரிசுப் பணம் குறைவாக இருக்குமானால், முதல் பரிசு ஆயிரத்தையும் இரண்டாம் பரிசு அறுநூறையும் கூட்டி ஆளுக்கு எண்ணூறாகக் கொடுத்து, அடுத்து வந்த குழந்தைக்கு மூன்றாம் பரிசை வழங்குவது பழைய முறை. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சான்றிதழில் மட்டும் சிக்கனம் கூடாது. ‘பகிர்ந்துகொண்ட முதலிடம்’ என்றோ ‘இணை முதலிடம்’ என்றோ எழுதாமல், இருவருடையதிலும் ‘முதல் பரிசு’ என்றே எழுத வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியே அந்தத் தாளை எழுதி, தனித்தனியே அந்த மதிப்பெண்ணை ஈட்டியிருக்கிறது. மேடையில் பெயர்களை அகரவரிசையில் படிக்கச் சொல்வேன்; அப்படிப் படிக்கப்போகிறோம் என்பதையும் முதல் பெயரைச் சொல்லுமுன்பே சபைக்கு அறிவிக்கச் சொல்வேன்.