புதன்கிழமைக் காலை

தோ பாயோவில் வசிக்கும் ஒரு தாத்தாவை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குத் தேக்காதான். ஈரச்சந்தையில் மீன், பஃபலோ சாலைக் கடைகளில் முருங்கைக்காய், பாட்டிக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ, கடைசியில் நண்பர்களோடு ஒரு தே தாரிக். பாட்டி இறந்தபின் அந்தப் பயணம் நின்றுபோனது. முதலில் கால் வலிக்கிறது என்றார். பிறகு வெயில் என்றார். அதன்பின் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். விழித்த பிறகும் படுக்கையைவிட்டு எழுவதில்லை. தொலைபேசி ஒலித்தால் எடுப்பதில்லை. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

"வயதானால் இப்படித்தான்" என்று வீட்டில் உள்ளவர்கள் விட்டுவிடுவது இயல்பு. சிலர் அதைச் சோம்பல் என்றும் சொல்லிவிடுவார்கள். அது தவறு, அந்தச் சொல் நோயாளியை மேலும் வருத்தும். வருத்தமும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் பாதித்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அது முதியவர்களுக்கு மட்டும் வருவதன்று. 2016இல் நடத்தப்பட்ட சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்குள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 16 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது அதற்கு ஆளாகிறார்.

தாத்தாவை மகன் பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றார். மனநலக் கழகத்தின் பெயரைக் கேட்டதுமே தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1928இல் இயோ சூ காங் சாலையில் தொடங்கிய அந்த மருத்துவமனை, 1951இல் வுட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது; 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறியது. பெயரும் இடமும் மாறியபோதும், வுட்பிரிட்ஜ் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் அச்சம் அவ்வளவு விரைவில் மாறவில்லை. மருத்துவர் வற்புறுத்தவில்லை. மருந்தோடு ஒரு தாளையும் கொடுத்தார். அதில் ஏழு நாள்களுக்கும் கட்டங்கள் இருந்தன. எல்லாம் காலியாக இருந்தன.

அந்தத் தாளுக்குப் பின்னால் நீண்ட சிந்தனை இருக்கிறது. மனம் சரியானதும் வெளியே போகலாம் என்று நாம் எண்ணுகிறோம். மனச்சோர்வில் அது நடப்பதில்லை. மனம் சோர்வதால் மனிதர் ஒதுங்குகிறார். ஒதுங்குவதால் மகிழ்ச்சி தரும் வாய்ப்புகள் குறைகின்றன. அவை குறைவதால் மனம் மேலும் சோர்கிறது. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லுவின்சன் 1970களில் இதை விளக்கினார். மனநிலைக்காகக் காத்திராமல் செயலை முதலில் தொடங்கினால், மனநிலை மெல்ல அதைப் பின்தொடரும் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. மனநல மருத்துவர் ஏரன் பெக், நோயாளி தம் நாளை மணிவாரியாகத் திட்டமிட்டு, ஒவ்வொரு செயலும் எவ்வளவு மகிழ்ச்சி தந்தது, எதையோ செய்து முடித்தோம் என்ற நிறைவை எவ்வளவு தந்தது என்று மதிப்பெண் இடும் முறையைப் பயன்படுத்தினார்.

இது பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதா? கோவாவில் விக்ரம் பட்டேலும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தனர். அங்குள்ள ஆரம்பச் சுகாதார நிலையங்களில், உளவியல் பட்டம் பெறாத உள்ளூர் மக்களுக்கே பயிற்சி தந்து ஆலோசகர்களாக்கினர். நோயாளியுடன் ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். பேச்சின் மையம் அன்றாடச் செயல்கள். மூன்று மாதங்களுக்குப் பின் ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான மருத்துவக் கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் அது 39 விழுக்காடு. லான்செட் மருத்துவ இதழ் இம்முடிவை வெளியிட்டது.

தாத்தாவின் தாளை நிரப்ப உட்கார்ந்தவள் உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்தி. ஆர்வக்கோளாறு! ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 'தேக்கா' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அன்று சிராங்கூன் சாலையில் கூட்டம் அலைமோதியது. வார விடுமுறைக்கு வந்திருந்த ஊழியர்கள் நடைபாதையெங்கும் நின்று பேசிக்கொண்டிருந்தனர். மல்லிகை மணம் வீசிய பூக்கடையருகே தாத்தா நின்றுவிட்டார். "வீட்டுக்குப் போகலாம்மா" என்றார். அடுத்த இரண்டு நாள்கள் அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

"உன் தவறில்லை," என்று மருத்துவர் பேத்தியிடம் சொன்னார். "படி பெரிதாகிவிட்டது. அதை நான்காக உடைத்துப் பார்."

அடுத்த வாரத் தாளில் தேக்கா இல்லை. திங்கட்கிழமை: வீட்டு வாசலில் உள்ள கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு குவளைத் தண்ணீர். செவ்வாய்: மின்தூக்கியில் கீழ்த்தளத்திற்குச் சென்று பத்து நிமிடம் உட்கார்ந்திருத்தல். வியாழன்: பழைய நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் இரண்டு நிமிடம். எப்போது, எங்கே, யாருடன் என்று எல்லாமே குறிக்கப்பட்டிருந்தன. "தோன்றும்போது செய்யலாம்" என்று விட்டால், தோன்றவே தோன்றாது.

முதல் வாரம் தாத்தா இட்ட மதிப்பெண்கள் பெரும்பாலும் பூஜ்யம். செடிக்குத் தண்ணீர் ஊற்றியதற்கு மட்டும் நிறைவு இரண்டு, மகிழ்ச்சி பூஜ்யம். வியாழக்கிழமைக் கட்டம் காலியாகவே கிடந்தது, அவர் பேசவில்லை. பேத்திக்கு அழுகை வந்தது. ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. 'தொலைபேசி' என்பதை அழித்து, 'நண்பருக்குக் குரல்பதிவு' என்று எழுதினாள்.

இதனால் எல்லாருக்கும் குணமாகிவிடும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு மருந்து தேவை, சிலருக்கு இரண்டும் தேவை. வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அங்கே கால அட்டவணைக்கு இடமில்லை. உடனே பெரியவர் ஒருவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்ல வேண்டும். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

இரண்டு மாதங்கள் கழிந்தன. பள்ளி விடுமுறையில் ஒரு புதன்கிழமைக் காலை எட்டு மணிக்கு இருவரும் பேருந்தில் ஏறினர். வார நாள் என்பதால் தேக்காவில் நெரிசல் இல்லை. தாத்தா ஒரு முருங்கைக்காயை எடுத்து, வளைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "முற்றல்" என்றார். வேறொன்றை எடுத்தார். பூக்கடையைக் கடக்கும்போது அவர் நடை தளர்ந்தது. பேத்தி ஒன்றும் பேசவில்லை. தாத்தா ஒரு முழம் மல்லிகை வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் படத்தில் மாட்டினார்.

அன்று மாலை தாளை நீட்டியபோது தாத்தா நெடுநேரம் யோசித்தார். பிறகு பேனாவை வாங்கி, நிறைவு ஐந்து, மகிழ்ச்சி மூன்று என்று எழுதினார்.

"மூன்றுதானா, தாத்தா?"

"அந்த முருங்கைக்காயும் கொஞ்சம் முற்றல்தான்."