நேரம் ஸ்லோ ஆகாது

பொருத்தம் பார்ப்பதைப் பற்றித் திருவிடந்தைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு மாலையோடு வருபவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சொற்களுக்கும் ஜோடிப் பொருத்தம் உண்டு. மயில் அகவும், குயில் கூவும். மாற்றிச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். தொல்காப்பியத்தில் இதற்கென்றே மரபியல் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இதைக் காலொகேஷன் என்கிறார்கள். மொழியியலில் அந்தச் சொல்லை நிலைநிறுத்திய ஜே.ஆர். ஃபிர்த் லாகூரில் பேராசிரியராக இருந்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் உச்சரிப்பைப் பற்றி எழுதியவரும் அவரே.

என் தம்பி மகள் சிறுசேரி சிப்காட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட். புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை நாளில் வேலைக்குத் தயாரானார்கள் என்று ஆங்கிலத்தில் ரிப்போர்ட் தர வேண்டுமாம். இதற்கு ஆன்போர்டிங் மெட்ரிக்ஸ் என்று பெயர். முப்பது வருஷம் ஆபீஸில் ஆங்கிலத்தில் நோட் எழுதியவன் என்பதால் என்னிடம் கொண்டு வந்தாள்.

"அட்ரிஷன் ரேட் ஹெவி" என்று எழுதியிருந்தாள். அதாவது, வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம். ஹெவி என்பது மழைக்கும் டிராஃபிக்குக்கும் சேரும். ரேட் என்றால் ஹை, லோ. மெட்ரிக்கை ட்ராக் பண்ணுவார்கள். டார்கெட்டை மீட் பண்ணுவார்கள், இல்லாவிட்டால் மிஸ் பண்ணுவார்கள். இதெல்லாம் சுலபம்.

"ராம்ப்-அப் டைம் ஸ்லோ" என்ற இடத்தில்தான் நின்றேன். வேலை பிடிபட ஆகும் காலத்தைச் சொல்கிறார்கள். காலம் லாங் ஆகும், ஷார்ட் ஆகும், ஸ்லோ ஆகாது. ஸ்லோ என்ற சொல் ஆள்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வரியிலேயே ஒட்டியிருந்தது: ஒரு பையன் பெயருக்கு எதிரே "ஃபெயில்ட் டு ராம்ப் அப்." அவனுடைய முதல் கோட் ஏற்கப்பட்டது 41-ஆம் நாள்.

"ஏம்மா இவனுக்கு மட்டும் இவ்வளவு நாள்?"

"லேப்டாப் லேட்டா வந்தது பெரியப்பா. ஆக்சஸ் கிடைச்சதே 23-ஆம் நாள்தான்."

"அப்போ அவன் எடுத்துக்கிட்டது 18 நாள். மத்தவங்க?"

"20, 22…" என்று இழுத்தாள்.

ஃபெயில்ட் என்றால் குற்றம் அவனுடையது. "ஆக்சஸ் வாஸ் டிலேட்" என்றால் கம்பெனியுடையது. மேனேஜர் ஆளுக்கு ஒரு வரிதான் கேட்டிருக்கிறார், இப்படி எழுதினால் முகம் சுளிப்பார் என்றாள். அவள் பயமும் நியாயம்தான். அவளுக்கும் அதே மேனேஜர்தானே அப்ரைசல் போட வேண்டும்? ஆனால் அந்தப் பையன் இன்னும் ப்ரொபேஷனில் இருக்கிறான்.

காபி ஆறும்வரை ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வரியை அழித்துவிட்டு இரண்டு வரியாக எழுதினாள். சேர்ந்த தேதி ஒன்று, ஆக்சஸ் வந்த தேதி ஒன்று என எல்லோருக்கும் தனித்தனிக் கட்டம் போட்டாள். இரண்டாவது தேதியிலிருந்து நாளை எண்ணினாள்.

ரிப்போர்ட் திங்கட்கிழமை போய்விட்டது. கன்ஃபர்மேஷன் லெட்டர்கள் அடுத்த மாதம் வருமாம்.