ஆமையும் கடற்புல்லும்

பயணம் போகின்றவரைப் பற்றி ஊர் பேசுகிறது. வீட்டில் தங்கிவிட்டவரைப் பற்றி யார் பேசுகின்றனர்? கடற்கரைப் பங்கொன்றில் பணியாற்றிய நாட்களில் இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது. சிந்திக்கத் துணைநின்றவை இரண்டு: பேராமையும் கடற்புல்லும்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இவ்விரண்டும் வாழ்கின்றன. கரை ஒதுங்கும் கடற்புல்லைப் பலர் பாசி என்றே எண்ணுகின்றனர். அது பாசியன்று; வேரும் தண்டும் இலையும் உடையது; நீருக்கடியிலேயே பூத்து விதை தருவது. அதன் முன்னோர் தரையில் வளர்ந்த செடிகள். ஆமையின் மூதாதையரும் தரைவாழ் உயிர்களே. ஆக, இரண்டும் நிலத்தை விட்டுக் கடல் புகுந்த குடிகள்.

ஆயினும் எத்துணை வேறுபாடு! ஆமை நிலத்தை முற்றும் துறக்கவில்லை. மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வரவேண்டும். முட்டையிடக் கரையேற வேண்டும். பல நூறு கிலோமீட்டர் நீந்தினாலும், பெண் ஆமை தான் பிறந்த கரைப்பகுதியை நாடித் திரும்பி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகள் இடுகிறது. புல்லோ வேரூன்றிய இடத்திலேயே நிற்கிறது. கதிரொளி எட்டும் ஆழங்குறைந்த நீரில் அடிமண்ணை இறுகப் பற்றி, மீன்குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் புகலிடமாகிறது. வளர்ந்த பேராமையின் முதன்மை உணவும் அதுவே. ஆமை கடித்த இடத்தில் இளந்தளிர் மீண்டும் எழுகிறது. போகின்றவர்க்கு வலிமை தருவது நிற்பவரே அன்றோ!

ஆமையைக் காக்க 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காண மக்கள் திரள்கின்றனர். புல்லை எண்ணுவார் மிகச் சிலர். இழுவைமடி கடலடியை வாரிச் செல்லும்போது புல் வேரோடு பெயர்கிறது. கலங்கிய நீரில் ஒளியின்றி எஞ்சியதும் வாடுகிறது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. அதன் பெயரோ கடற்பசுக் காப்பகம்! உண்ணும் பசுவின் பெயரால்தான் உணவாகும் புல்லுக்கும் காவல் கிடைத்தது.

நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கிறது. வெளிநாடு சென்று பொருள் அனுப்பும் மகனை வந்தோரிடமெல்லாம் பெருமையுடன் கூறுகிறோம். நோயுற்ற தந்தைக்கு இரவும் பகலும் கஞ்சி வார்க்கும் மகளை விருந்தினர்க்கு அறிமுகம் செய்யவும் மறந்துவிடுகிறோம். அவளும் சோர்வடைவாள்; அவளுக்கும் ஓய்வு வேண்டும், ஒரு நன்றிச்சொல் வேண்டும். மகன் திரும்பி வர ஒரு வீடு நிலைத்திருப்பது அவளால் அன்றோ!

அன்பர்களே, இன்றிரவு குடும்பமாய் அமர்ந்து உண்ணும்போது, உங்கள் இல்லத்தில் நிலைத்து நிற்பவரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.