எட்டு விளக்கும் எரிந்தது

“ஏனுங்ணா, ஒயர்மேன் வந்துட்டாருங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகம். ஒயர்மேன் என்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை, என் மாமா மின்வாரியத்தில் ஒயர்மேன்தான். அவன் சொன்ன விதம்தான் சுருக்கென்றது.

கணக்குப் பிரிவில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. ஸ்விட்ச் மாற்றியிருக்கிறான், ஐபி மாற்றியிருக்கிறான், விண்டோஸையே புதிதாகப் போட்டிருக்கிறான். பிங் அடித்தால் 32 பைட் ஓடி வந்துவிடுகிறது. நான் 1400 கொடுத்தேன். நாலில் ஒன்று விழுந்தது. “டெஸ்டர்ல எட்டும் எரியுதுங்ணா” என்றான்.

எரியத்தான் செய்யும், கம்பி முனைக்கு முனை போகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். பிளக்கைப் பார்த்தேன்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று ஜோடி ஜோடியாக, கோலம் போட்ட மாதிரி அடுக்கி கிரிம்ப் செய்திருந்தான். மூன்றும் ஆறும் ஒரே பச்சை ஜோடியாக இருக்கவேண்டும். இவன் மூன்றில் பச்சை-வெள்ளை, ஆறில் நீலம். ஸ்பிலிட் பேர்.

1998-இல் இதே தப்பை நானும் செய்தேன். பழைய 10 எம்பி ஹப்பில் ஓடியது, 100 எம்பி ஸ்விட்ச் வந்ததும் படுத்துக்கொண்டது. என்னைப் பழக்கிய அண்ணன் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. கோஆக்ஸ் கேபிள் காலத்து மனுஷர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு 50 ஓம் டெர்மினேட்டர் கிடக்கும். கடைசி முனையில் அது இல்லாவிட்டால் சிக்னல் முட்டித் திரும்பி, வரிசையில் உள்ள அத்தனை மெஷினும் ஊமையாகிவிடும். நாலாம் நாள் ஒரு முழக் கேபிளைக் கையில் கொடுத்து, “முறுக்கைப் பிரிச்சு எண்ணுடா” என்றார். ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கு வேறுவேறு கணக்கு. இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் விழும், வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது அடிபட்டுப் போகும். துணையைப் பிரித்தால் எதை எதோடு கழிப்பது? அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரித்தால் அப்போதே வெட்டி எறிவார்.

இப்போது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதை கேட் 6 என்று விற்கிறார்கள், 130 மீட்டர் இழுக்கிறார்கள். 100 மீட்டர் என்றால் 100தான். “எல்லாம் வைஃபைதானே” என்கிறார்கள். கூரையில் தொங்கும் அந்த ஆக்சஸ் பாயின்ட்டுக்கு டேட்டாவும் கரண்டும் எதில் போகிறதாம்?

இரண்டு முனையும் வெட்டிப் புதிதாக அடித்தேன். பத்து நிமிஷ வேலை. 1400 ஒன்றுகூட விழவில்லை.

பில்லைப் பார்த்த காசாளர், “ரெண்டு பிளக்குக்கா இவ்வளவு?” என்றார்.