முதற் பாடவேளை

குறிகட்டுவான் துறைக்குச் செல்லும் காலைப் பேருந்தில் ஆசிரியர் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு சாரார் துறைவரை சென்று, படகேறி, நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போவர். மறு சாரார் துறைக்கு முன்னரே புங்குடுதீவு மண்ணில் இறங்கிக்கொள்வர். நாம் இரண்டாஞ் சாராரைச் சேர்ந்தோம். கடல் கடக்கும் தொல்லை இல்லாத பாக்கியசாலிகள் என்று படகேறுவோர் எம்மைப் பரிகசிப்பதுண்டு. ஆயினும் பேருந்து பிந்தினால் எமக்கும் முதற் பாடவேளை போயிற்று.

பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற செருக்கோடு இங்கு வந்தோம். எட்டாந் தரத்தில் செய்யுட் பகுதியை நயம்பட விளக்கினோம். விளக்கியதில் எமக்கே ஒரு மயக்கமும் இருந்தது. தவணைப் பரீட்சையில் வகுப்பிற் பெரும்பாலோர் சித்தியடையவில்லை. முன்னேற்ற அறிக்கைகளில், ‘ஊக்கம் போதாது; பெற்றோர் கவனிக்க’ என்று ஒரே வாக்கியத்தை வரிசையாக எழுதிக் கையொப்பமிட்டோம். அந்த வாக்கியத்தை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகிறோம்.

ஒருநாள் கடைசி வாங்கில் இருந்த மாணவனை எழுப்பி உரைநடைப் பாடமொன்றை வாசிக்கச் சொன்னோம். தடையின்றி வாசித்தான். அருகிற் சென்று பார்த்தபோது அவன் விரித்திருந்த பக்கம் வேறு! பக்கத்திலிருப்பவர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு மனத்தில் இருத்தி, அதனையே ஒப்புவித்திருக்கிறான். இத்தகைய நினைவாற்றல் உள்ளவனையா ஊக்கமற்றவன் என்று எழுதினோம்? எட்டாண்டுகள் பாடசாலைக்கு வந்தவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதை எட்டாண்டுகளாக எவரும் கண்டுகொள்ளவில்லை. நாமும் ஒரு தவணை முழுதும் கண்டுகொள்ளவில்லை.

அதன்பின் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, மூன்றாந் தரப் புத்தகத்திலிருந்து ஒரு பந்தியை வாசிக்கச் செய்தோம். தடுமாறியவர் தொகையைக் கேட்ட அதிபர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “சரி, மூன்றாந் தரத்திலிருந்தே தொடங்குவோம்” என்றார். அவர் பிறர்மேற் குற்றம் சுமத்தாதது பெரிய உதவியாயிற்று.

வாசிப்புக்கென நாள்தோறும் ஒரு பாடவேளை ஒதுக்கினோம். அந்த வேளையில் தரம் என்ற எல்லை இல்லை. எழுத்து அறியாதோர் ஒரு குழு, சொல் அறிந்தோர் ஒரு குழு, பந்தி வாசிப்போர் ஒரு குழு. இது எமது கண்டுபிடிப்பன்று. இந்தியாவில் 1990களிற் பிறந்த ‘பிரதம்’ என்ற அமைப்பு, வயதையும் வகுப்பையும் விட்டு வாசிப்பு நிலையை நோக்கிப் பிள்ளைகளைக் குழுவாக்கிப் பலன் கண்டிருக்கிறது. இத்தாலியின் பார்பியானா என்னும் மலைக்கிராமத்திலே, அரசுப் பள்ளிகள் தள்ளிவிட்ட ஏழைப் பிள்ளைகளுள் மூத்தோர் இளையோருக்குக் கற்பித்தனர். தம்மைத் தள்ளிய ஆசிரியைக்கு அவர்கள் எழுதிய கடிதம் 1967இல் நூலாயிற்று. ஆசிரியராயிருப்போர் அந்நூலை நெஞ்சு சுடாமற் படித்து முடிக்க இயலாது.

குழுக்கள் அமைத்தும் சில பிள்ளைகள் முன்னேறவில்லை. வரவு இடாப்பைப் புரட்டினோம். ஆனி மாதத்தில், நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு அடியார் துறையிலே குவியுங் காலத்தில், கடைகளுக்கு உதவப் போவோரின் வரவு விழுந்திருந்தது. அதை எதிர்பார்த்தோம். எதிர்பாராதது ஒரு மாணவியின் பிந்திய வரவுகள். பிந்தி வந்தமைக்காக அவளைப் பலமுறை வகுப்பு வாசலில் நிறுத்தியவர் நாமேதான். விசாரித்தபோது, “தண்ணி பவுசர் வாற நாள், சேர். அம்மா கூலி வேலைக்குப் போவா. நான்தான் பிடிக்க வேணும்” என்றாள்.

இம்மண்ணிலே குடிநீர் வெறும் குடிநீரன்று. ஆசிரியரும் எழுத்தாளருமான மு. தளையசிங்கம் 1971இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நன்னீர் உரிமை வேண்டிப் போராடியது இந்தப் புங்குடுதீவிலேதான். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன் மறைந்தார். அவர் ஊரிலே, தண்ணீருக்கு நின்ற பிள்ளையை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். எமது தாமதம் பதிவேட்டில் ‘பேருந்துத் தாமதம்’, அவளுடையது ‘ஒழுங்கீனம்’. 1945இல் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வியும், 1980இல் வந்த இலவசப் பாடநூலும் அவளுடைய முதற் பாடவேளையை மீட்டுத் தரவில்லை.

பிந்தி வருவோரை நிறுத்தும் வழக்கத்தைக் கைவிட்டோம். வாசிப்பு வேளையை இரண்டாம் பாடவேளைக்கு மாற்றினோம். பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் அதுவே பொருந்திற்று. பேருந்து வரும்வரை மேல்வகுப்பு மாணவர் சிறுவருக்குக் கதை வாசித்துக் காட்டினர்.

அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. தமிழிலும் சமயத்திலும் வரலாற்றிலும் புள்ளிகள் மெல்ல ஏறின. கணிதம் ஏறவில்லை, இரு தவணைகளாகக் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அது எவ்வாறு ஏறும்? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிலில் வென்ற கெட்டிக்காரர் பட்டணத்துப் பெரிய கல்லூரிகளுக்குப் போய்விட, எஞ்சியோரின் பெறுபேற்றை அக்கல்லூரிகளின் பெறுபேற்றோடு ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்கும் கூட்டங்களுக்கும் நாம் போய் வந்தோம்.

சென்ற தவணையின் இறுதிநாள் மாலை துறைக்குச் சென்றிருந்தோம். அந்தக் கடைசி வாங்கு மாணவன் தகப்பனின் வலையைத் தூக்கிக்கொண்டு நின்றான். எம்மைக் கண்டதும் அறிவிப்புப் பலகைப் பக்கம் திரும்பி, கேளாமலே எழுத்துக் கூட்டத் தொடங்கினான். “உ...யிர்...காப்பு... அங்...கி.” நின்றான்.

“சேர், அங்கி எண்டா என்ன?”

படகோட்டி தாம் அணிந்திருந்ததைத் தொட்டுக் காட்டினார்.