பூட்ஸா, பூட்டா?

பனிச்சறுக்கு பூட்ஸ் பத்தின பதிவுன்னதும் "சுவாமிமலைல ஏதுய்யா பனி? மார்கழில காவிரிக்கரைல பெய்யுமே அதுவா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். பனி இருந்தது குல்மார்க்ல. பூட்ஸ்தான் சுவாமிமலைக்கு வந்துச்சு. பத்து நாள் எங்க வீட்டு முற்றத்துல அதை மாட்டிக்கிட்டு ரோபோ மாதிரி நடந்து பாத்ததுல தெரிஞ்சுக்கிட்ட விஷயங்கள்தான் இந்தப் பதிவு. ஸ்கீ பக்கம் போற எண்ணமே இல்லாதவங்களும் படிக்கலாம். எல்லாருக்கும் கால் இருக்கே :-)

ரெண்டு வருஷமா பெங்களூர்லேர்ந்து குல்மார்க் போயிட்டு இருக்கேன். ரெண்டு தடவையும் வாடகை பூட்ஸ். கடைல ஷூ சைஸ் கேட்டாங்க, 9ன்னேன். ஒரு ஜோடியை எடுத்துப் போட்டாங்க. அடில பாத்தா 28.5ன்னு இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள விரல் எல்லாம் மரத்துப் போச்சு. ஆனா குதிகால் மட்டும் உள்ளே எழும்பி எழும்பி ஆடுது. ஆடாம இருக்க பக்கிளை இறுக்கினா இன்னும் மரத்துப் போகுது. சாயங்காலம் முன்னங்கால் எலும்பு மேல பட்டையா சிவந்திருந்துச்சு. கூட வந்த நண்பன் தத்துவமே சொல்லிட்டான்: "மச்சி, நம்ம ஊரு காலுக்கு இதெல்லாம் ஒத்து வராதுடா."

வலியை விட அந்த வார்த்தைதான் உறுத்துச்சு. விடறதா இருந்தா பிடிக்காம விடணும், கால் சரியில்லன்னு விடக்கூடாது. சொந்தமா ஒரு ஜோடி வாங்கிப் பாத்துடுவோம், அதுலயும் இப்படியே வலிச்சா மூட்டை கட்டிடலாம்னு முடிவு பண்ணேன். ஜூரிக்ல இருக்கற சித்தப்பா பையன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ ரெண்டு ஜோடி கொண்டு வந்தான். பனில போடாம திருப்பிக் கொடுத்தா காசு வாபஸ்னு கடைல பேசி வெச்சிருந்தான். ஒரு ஜோடி கிட்டத்தட்ட 4 கிலோ. ஊர்லேர்ந்து சாக்லேட் எதிர்பார்த்த சித்தி முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

ஒண்ணு சிவப்பு: ஃப்ளெக்ஸ் 130, அகலம் 98 மி.மீ. இன்னொண்ணு கறுப்பு: ஃப்ளெக்ஸ் 120, அகலம் 102. ரெண்டும் 26.5 சைஸ். எது எனக்கு, எது திரும்ப ஜூரிக்குக்கு? இதான் பஞ்சாயத்து.

முதல்ல இந்த நம்பர் எல்லாம் என்னன்னு பாத்துடலாம். சைஸ் 26.5ன்னா 26.5 செ.மீ. நீளமுள்ள பாதத்துக்குன்னு அர்த்தம். மாண்டோபாயிண்ட்னு பேரு. நம்ம ஷூவோட 8, 9க்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. இன்னொரு விஷயம், பெரும்பாலான கம்பெனில 26, 26.5 ரெண்டுக்கும் வெளி ஓடு ஒண்ணேதான். உள்ளே இருக்கற மெத்தையிலதான் வித்தியாசம்.

அகலம்னு போட்டிருக்கறது பூட்ஸ் செய்யற கால் அச்சோட அகலம், அதுவும் 26.5 சைஸ் அச்சுக்கு. சைஸ் மாறினா அதுவும் மாறும். ஒரே மாடலைப் பல அகலத்துல கொடுக்கறவங்களும் உண்டு. அட்டாமிக் கம்பெனி ஹாக்ஸ் வரிசைல அல்ட்ரா 98, பிரைம் 100, மேக்னா 102.

ஃப்ளெக்ஸ்ங்கறது விறைப்பு. முழங்காலை முன்னாடி தள்ளினா பூட்ஸ் எவ்வளவு எதிர்க்குதுங்கற கணக்கு. ஆனா எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்ல. ஒருத்தரோட 120 இன்னொருத்தரோட 110 மாதிரி இருக்கலாம். நம்ம சாஃப்ட்வேர் கம்பெனிகள்ல 'சீனியர்'ங்கற பட்டம் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

விறைப்பு எதுக்கு? காலுக்கும் பலகைக்கும் நடுவுல செய்தி கொண்டு போற கம்பி இந்த பூட்ஸ்தான். முழங்கால் சாய்ஞ்சா முன்னங்கால் எலும்பு பூட்ஸோட நாக்கை அமுக்கும், அது பலகையோட விளிம்பைப் பனில அழுத்தும். பூட்ஸ் விறைப்பா இருந்தா செய்தி உடனே போகும். ஆனா உள்ளே கால் ஆடுச்சுன்னா, முதல்ல அந்த இடைவெளியைக் கடந்துட்டுத்தான் அமுக்கவே ஆரம்பிக்கும். நெட்வொர்க் எவ்வளவு வேகமா இருந்தாலும் சர்வர் தூங்கினா என்ன ஆகும், அதேதான். அதாவது ஃபிட் சரியில்லாத 130ஐ விட ஃபிட் சரியா இருக்கற 110 மேல். வாடகை பூட்ஸ்ல எனக்கு நடந்ததும் அதுதான். அகலம் பத்தாததால விரல் மரத்துச்சு, நீளம் அதிகமானதால குதிகால் ஆடுச்சு. ஒரே பூட்ஸ்ல ரெண்டு கோளாறு.

இப்ப முற்றத்துக்கு வருவோம். சுவத்துல குதிகாலை ஒட்டி நின்னு தரைல குறி போட்டு அளந்தேன். இடது 26.4, வலது 26.7 செ.மீ. அகலம் 10.6. ஆக நீளத்துக்கு 26.5 போதும். கடைல 9 வாங்கறதே அகலத்துக்காகத்தான், முன்னாடி காலியா கிடக்கும். உங்கள்ல பாதி பேரும் அப்படித்தான் வாங்குவீங்கன்னு நினைக்கறேன்.

அடுத்தது ஓடு சோதனை. உள் மெத்தையை வெளில எடுத்துட்டு வெறும் ஓட்டுக்குள்ள காலை விட்டு, விரல் நுனி முன்னாடி லேசா படற மாதிரி நிக்கணும். குதிகாலுக்குப் பின்னாடி ஒண்ணுலேர்ந்து ரெண்டு செ.மீ. இடைவெளி இருக்கணும். அதுக்கு மேல போனா பூட்ஸ் பெரிசு. ரெண்டு ஜோடிலயும் ஒன்றரை வந்துச்சு. நீளம் பாஸ். ஆனா சிவப்புல மெத்தை இல்லாமலே சுண்டுவிரல் மூட்டு பிளாஸ்டிக்கை முட்டுது. மெத்தையோட போட்டா அஞ்சே நிமிஷத்துல எரிச்சல். கறுப்புல ஒரு மணி நேரம் நின்னேன், விரலுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா குதிகால் பிடிப்பு சிவப்புல இருந்த அளவுக்கு இல்ல.

விறைப்பை மட்டும் ஊர்ல சோதிக்க முடியாது. இந்த ஓடெல்லாம் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை பிளாஸ்டிக். குளிர்ல இறுகும், சூட்டுல இளகும். மத்தியான வெயில்ல முற்றத்துல 130 பூட்ஸே சொன்ன பேச்சு கேட்டுச்சு. அதை நம்பி குல்மார்க் போனா வேற பூட்ஸ்.

"சிவப்பை எடுண்ணே, 130, கெத்து"ன்னு தம்பி நச்சரிப்பு. எங்கப்பா திண்ணைல உக்காந்து வேடிக்கை பாத்துட்டே, "எல்லாரும் செருப்பைத்தானே மாத்துவாங்க, நீ என்னடா காலைக் குத்தம் சொல்ற மாதிரி பேசற"ன்னாரு. அவர் பாதத்தைப் பாத்தேன். ஆயுசு முழுக்க வரப்புலயும் நடவுச் சேத்துலயும் நடந்த பாதம், விரல் எல்லாம் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். நானும் அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கால்தான்.

அன்னிக்கு சாயங்காலம் எங்க தெருவுல வார்ப்புப் பட்டறை வெச்சிருக்கற ஸ்தபதி ஐயா வந்தாரு. சிவப்பு பூட்ஸை கைல எடுத்து உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாத்தாரு. "தம்பி, இந்த அச்சு யாரோட காலை வெச்சுச் செஞ்சது?"

அவ்வளவுதான் கேட்டாரு. இங்கே சிலை வார்க்கறவங்க தென்னை ஓலை நறுக்கை சிலையோட உயரத்துக்கு வெட்டி, அதையே மடிச்சு மடிச்சு முகம், மார்பு, கால்னு அளவு எடுப்பாங்க. அளவு அந்தச் சிலைக்குள்ளேர்ந்தே வரும். அப்புறம் மெழுகு உருவத்து மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசுவாங்க. மெழுகுல இருக்கற ஒவ்வொரு கோட்டையும் அது அப்படியே பிடிச்சுக்கும். மண்ணுக்குத் தோதா மெழுகைச் செதுக்கற பேச்சே கிடையாது. பாதத்தை மெழுகுன்னு வெச்சுக்கிட்டா பூட்ஸ்தான் மண். அந்தக் கடையில எல்லாம் தலைகீழா நடந்திருக்கு.

அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியாளர்களும் பதில் தேடியிருக்காங்க. பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவுல வெறுங்காலோட நடக்கறவங்க, செருப்பு போடற இந்தியர்கள், செருப்பு போடற ஐரோப்பியர்கள்னு மூணு கூட்டத்தோட பாதங்களை ஒப்பிட்டு 2009ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. வெறுங்கால்காரங்களுக்கு முன்பாதம் அகலம், எடையும் பாதம் முழுக்க சீராப் பரவுது. மத்த ரெண்டு கூட்டத்தை விட்டு ரொம்ப விலகி, ஒடுக்கமா இருந்தது ஐரோப்பியர்களோட பாதம். நம்ம சென்னை அடையார்ல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடங்கள்ல, ஒரு லட்சத்துக்கும் மேல ஆட்களோட பாதத்தை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துச்சு. பாரதத்தோட முதல் எழுத்தை வெச்சு 'பா'ன்னு ஒரு இந்திய அளவு முறையைப் பரிந்துரைச்சது 2024ல செய்தியா வந்துச்சு. அதுலயும் இதேதான்: சராசரி இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தை விட அகலம். அகலம் பத்தாம நாம நீளத்தைக் கூட்டி வாங்கிட்டு இருக்கோம். சாதா ஷூவுல இது சின்ன அசௌகரியம். ஓடு மாதிரி விறைப்பான ஸ்கீ பூட்ஸ்ல அதான் மரத்துப்போன விரலும் ஆடற குதிகாலும். நண்பனோட தத்துவத்துக்குப் பதில் கிடைச்சிருச்சு. ஒத்து வராதது கால் இல்ல, அச்சு.

இதுல ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பூட்ஸ் ஃபிட்டர்கள் பொதுவா இறுக்கமான ஓட்டையே எடுக்கச் சொல்வாங்க. பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெளியே தள்ளலாம், உள்ளே இழுக்க முடியாது. ஜூரிக்ல இருந்திருந்தா சிவப்பைப் பத்தி யோசிச்சிருப்பேன். ஆனா எட்டு மி.மீ. வித்தியாசத்தை இழுக்க நல்ல ஃபிட்டர் பக்கத்துலயே இருக்கணும், ஒரு தடவைல முடியற வேலையும் இல்ல. 72 கிலோ எடைல, நடுத்தரமா சறுக்கற எனக்கு 130 தேவையும் இல்ல. கறுப்பை வெச்சுக்கிட்டேன். குதிகாலுக்கு ரெண்டு பக்கமும் மெத்தைக்கு வெளியே ஃபோம் பட்டை ஒட்டினேன். மெத்தையைச் சூடாக்கிக் காலுக்கு வார்க்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. அம்மா இட்லிப் பானையைத் தரமாட்டேன்னுட்டாங்க.

பிப்ரவரில குல்மார்க். முதல் நாள் காலைல பூட்ஸ் கல்லு மாதிரி இருந்துச்சு, மாட்டவே பத்து நிமிஷம். (ராத்திரி கார்லயோ வராந்தாவுலயோ வைக்காதீங்க, அறைக்குள்ள வைங்க.) கொங்டூரில இறங்கி முதல் திருப்பத்துலயே வித்தியாசம் தெரிஞ்சுது. முழங்காலை லேசா சாய்ச்சா பலகை அப்பவே திரும்புது. குதிகால் அசையல. பக்கிள் ரெண்டாவது பல்லுலயே நின்னுச்சு. குத்துக்காலிட்டு உக்காந்து பழகின கணுக்கால் நல்லா மடங்கறதால முன்சாய்வு கஷ்டமாவே இல்ல. இதுக்கு மட்டும் நம்ம ஊருக்கு ஒரு ஓ போடலாம். குறையும் உண்டு. மேடுபள்ளமான இறுகின பனில ஒவ்வொரு அதிர்வும் நேரா முழங்காலுக்கு வருது. ரெண்டாம் நாள் உள்பக்கக் கணுக்கால் எலும்பு கிட்ட ஒரு இடம் வலிச்சுது, அதை ஃபிட்டர் கிட்டதான் சரி பண்ணணும். ஆனா நாலு நாளும் சாயங்காலம் கடை மூடற வரைக்கும் சறுக்கினேன், விரல் பத்தும் உயிரோட இருந்துச்சு.

வாங்கப் போறவங்களுக்கு கடைசியா சில விஷயம். பூட்ஸ் மாத்தினா அடிநீளமும் மாறும், அதனால பலகைல இருக்கற பைண்டிங்கை மறுபடி செட் பண்ணச் சொல்லுங்க. விழும்போது அது சரியா கழலணும். உசரமான விறைப்பான பூட்ஸ் வந்தப்புறம் கணுக்கால் முறியறது குறைஞ்சு, முழங்கால் அடி பெரிய தலைவலியாச்சு. மெத்தை போகப் போக அமுங்கும், அதனால முதல் நாள் கை குலுக்கற மாதிரி கச்சிதமா இருக்கணும், கை முறுக்கற மாதிரி இல்ல. வாடகைக்கு எடுத்தாலும் ஷூ சைஸைச் சொல்லாதீங்க, செ.மீ.ல அளந்துட்டுப் போங்க. பொருந்தலன்னா தயங்காம வேற கேளுங்க.

டிஸ்கி: சிவப்பு பூட்ஸ் பத்திரமா ஜூரிக் போய்ச் சேர்ந்துடுச்சு. போற வழில அதுக்குள்ள ரெண்டு கிலோ முறுக்கு இருந்ததா கேள்வி. ஃபிட் அமோகமாம் :-)